இறுக்காதீங்க... உட்கார வையுங்க! ஏர் ரைஃபிளுக்கு ‘பெட்டிங்’: 20 பயனுள்ள குறிப்புகள்

டெல்லித் தமிழர்களுக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயிலைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அங்கேயோ ஊர்ப்பக்கமோ கும்பாபிஷேகம் பார்த்தவர்களுக்கு அஷ்டபந்தனமும் தெரிந்திருக்கும். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்து இளக்கி, சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் சாத்துவார்கள். மருந்து இறுகிவிட்டால் சிலை ஆடாது.

துப்பாக்கிக்கும் இப்படி ஒரு மருந்து சாத்தல் உண்டு. உலோகப் பாகத்தை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள், அதைத் தாங்கும் மரக்கட்டையை ‘ஸ்டாக்’ என்பார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கை எபாக்ஸி பசையால் நிரப்பி, உலோகத்தின் அச்சு அப்படியே பதியும்படி படுக்கை போடுவதுதான் ‘கிளாஸ் பெட்டிங்’. ஆரம்பத்தில் பசையோடு கண்ணாடி இழையைக் கலந்ததால் அந்தப் பெயர்.

என் மகள் துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய ரேஞ்ச் அது. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், திவ்யான்ஷ் சிங் பன்வாருடன் சேர்ந்து 2021 மார்ச்சில் உலகக் கோப்பை கலப்பு அணித் தங்கம் வாங்கியதும் அங்கேதான். மகளிடம் இருப்பது மரக்கட்டை போட்ட பழைய ரைஃபிள். அதற்கு பால்கனியில் மருந்து சாத்தியபோது நான் கற்றதும், சொதப்பியதும் இங்கே.

ஆரம்பிக்கும் முன்

1. முதலில் குறையைக் கண்டுபிடியுங்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் ‘பத்து’ என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பாயும் பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். எனவே குறி சிதறினால் உடனே கட்டையைச் சந்தேகிக்க வேண்டாம். ரைஃபிளை மணல் மூட்டை மேல் வைத்து, ஒரே டப்பா பெல்லட்டில் அட்டைக்கு ஐந்து வீதம் ஐந்து அட்டை சுடச் சொல்லுங்கள். பிறகு வேறு பெல்லட்டில் அதையே செய்யுங்கள். சைட் ஆடுகிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும், ஒவ்வொரு முறை திருகை முடுக்கிய பின்னும் குறி வேறு பக்கம் நகர்கிறது என்றால் கட்டையில்தான் கோளாறு.

2. விரல் சோதனை. முன்பக்கத் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். அப்போது மற்றொரு கையின் விரல், உலோகமும் மரமும் சேரும் விளிம்பில் இரண்டையும் தொட்டபடி இருக்கட்டும். திருகு தளரும்போது உலோகம் மெல்ல எழும்புவது விரலுக்குத் தெரிந்தால், அதுவரை திருகு அதை வளைத்துப் பிடித்திருந்தது என்று அர்த்தம். ஆடும் முக்காலியில் உட்கார்ந்தவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சாய்வார் அல்லவா? ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் உலோகம் வேறு இடத்தில் வந்து உட்காருவதும் அப்படித்தான்.

3. அலுமினியக் கட்டை என்றால் விட்டுவிடுங்கள். இப்போது போட்டிகளில் பார்க்கும் அலுமினிய ஸ்டாக்குகளில் உட்காரும் இடத்தை இயந்திரத்திலேயே கச்சிதமாகக் கடைந்திருப்பார்கள். நம் கைவேலை அதைக் கெடுக்கத்தான் செய்யும். இந்தக் குறிப்புகள் மரக்கட்டைக்கு மட்டுமே.

4. சட்டத்தை மறக்காதீர்கள். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. வெடிமருந்தில் இயங்கும் பாயிண்ட் 22 ரைஃபிள் அப்படியல்ல. அது 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். அதை உரிமம் பெற்ற கைவினைஞரிடம்தான் கொடுக்க வேண்டும். பால்கனி வேலை ஏர் ரைஃபிளோடு நிற்கட்டும்.

5. காலியா என்று இரண்டு பேர் பாருங்கள். குழலில் பெல்லட் இல்லை என்று நீங்கள் ஒரு முறை, வீட்டில் இன்னொருவர் ஒரு முறை. பெல்லட் டப்பா வேறு அறைக்குப் போகட்டும். காற்று உருளை உள்ள வகை என்றால் அதைக் கழற்றித் தனியே வையுங்கள். ஸ்பிரிங் வகை என்றால் கட்டையிலிருந்து எடுத்த பிறகு அதை மடக்கி ஏற்றவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிரிக்கும் ஆசையும் வேண்டாம்.

6. டெல்லியில் பருவம் பார்த்துச் செய்யுங்கள். ஜனவரி இரவுக் குளிரில் பசை தேனாக உறைந்து நிற்கும், இறுகவே இறுகாது. மே மாத வெயிலில் கிண்ணத்திலேயே சூடேறி, ஊற்றும் முன் கல்லாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். மரம் நீளவாக்கில் மாறுவது மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரையும், அக்டோபரிலும் தோதான காலம். வேலைக்கு முன் இரண்டு வாரம் கட்டை ஒரே அறையில் இருக்கட்டும். கூலருக்கு எதிரேயும் ஹீட்டருக்குப் பக்கத்திலும் மட்டும் வேண்டாம்.

பொருள் வாங்கும்போது

7. எந்தப் பசை? அரால்டைட், எம்-சீல், ஃபெவிகால் மூன்றும் இன்று பிடிலைட் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். குணம்தான் வேறு வேறு. ஃபெவிகால் தண்ணீரை இழந்து காய்வது, காயும்போது சுருங்கும். சுருங்கினால் அச்சு எப்படிப் பதியும்? எம்-சீல் மாவு மாதிரி இருப்பதால் நுணுக்கமான மூலைகளுக்குள் ஓடாது. ரெசின், ஹார்டனர் என்று இரண்டு டியூபாக வரும், மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட்தான் இதற்குப் பொருத்தம். அது காய்வதில்லை, இரண்டும் வினைபுரிந்து இறுகுகிறது. அதனால் சுருக்கம் மிகக் குறைவு. ஐந்து நிமிடத்தில் பிடிக்கும் வகையை எடுத்துவிடாதீர்கள், துடைக்கக்கூட நேரம் தராது.

8. மற்ற சாமான்கள். நிறமில்லாத மெழுகு ஷூ பாலிஷ், குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண், மாஸ்கிங் டேப், காது குடையும் பட்ஸ், ஐஸ்கிரீம் குச்சி, ரப்பர் கையுறை, முகக் கவசம், வினிகர், பழைய சைக்கிள் டியூப். பாதி வீட்டிலேயே கிடைக்கும். திருகு, உளி, உப்புத்தாள் வகையறாவுக்குச் சாவ்ரி பஜார் போங்கள். கண்ணாடி இழைத் தூளும் ரெசினும் பழைய டெல்லி திலக் பஜார் ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இழைத் தூளைப் பிரிக்கும்போதே முகக் கவசம் இருக்கட்டும்.

தயார் செய்யும்போது

9. வெளியே டேப், உள்ளே சுரண்டல். கட்டையின் வெளி விளிம்பு முழுக்க இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வழியும் பசை மெருகில் பட்டால் மெருகோடுதான் வரும். உள்ளே திருகு ஏறும் இடங்களைச் சுற்றி ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரத்தைச் சுரண்டி எடுங்கள். எல்லா இடத்திலும் சுரண்டிவிடாமல் இரண்டு மூன்று இடத்தில் பழைய உயரத்தையே விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் உலோகம் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு ஆதாரமே இருக்காது.

10. பிடிப்புக்கு ஓட்டை. சுரண்டிய மரத்தில் மெல்லிய டிரில்லால் ஆங்காங்கே ஆழமில்லாத குழிகள் போடுங்கள். பசை அதில் வேர் விட்டதுபோல் இறங்கும். பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசையும் நிற்காது.

11. உலோகத்தின் குழிகளை அடையுங்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். திருகுத் துளை, பக்கவாட்டுப் பள்ளம், உள்பக்கமாகக் குடைந்த இடம் எல்லாவற்றையும் பிளாஸ்டிசினால் நிரப்பி மட்டமாக வழித்துவிட வேண்டும். முதல் தடவை ஒரு சின்னப் பள்ளத்தை விட்டுவிட்டேன். பசை அதற்குள் புகுந்து கொக்கி மாதிரி இறுகிவிட்டது. மறுநாள் இழுத்தால் ரைஃபிளும் கட்டையும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். மகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஹேர் டிரையரால் அரை மணி நேரம் உலோகத்தைச் சூடாக்கி, பசை கொஞ்சம் இளகியதும் ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தோம். மரத்தில் ஒரு சில்லு போயிற்று.

12. மைசூர்பாகு பாடம். தட்டில் நெய் தடவாமல் மைசூர்பாகு ஊற்றினால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கும். உலோகத்தின் மேல் ஷூ பாலிஷை மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். இப்படி மூன்று தடவை. தடிமனாக ஒரே பூச்சு போட்டால் அந்தத் தடிமனும் அச்சில் பதிந்து இடைவெளியாகிவிடும். திருகுகளின் மரைக்கும் தலைக்கும் தடவ மறக்காதீர்கள். தடவிய கையோடு கட்டையின் உள்பக்கத்தைத் தொடவும் கூடாது.

ஊற்றும் நாளில்

13. அவசரப்படாமல் கலக்குங்கள். டியூபுகளை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் ரெசின் இளகி நன்றாகக் கலக்கும். பெட்டியில் சொன்ன விகிதத்தில் எடுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பசை சவசவ என்று நின்றுவிடும். மூன்று நான்கு நிமிடம், ஓரத்தையும் அடியையும் வழித்து, குமிழி வராமல் மடித்து மடித்துக் கலக்குங்கள். கண்ணாடி இழைத் தூளைக் கடைசியில் சேருங்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, குச்சியிலிருந்து மெதுவாக விழ வேண்டும். கலந்ததைக் குறுகிய கிண்ணத்தில் விடாமல் தட்டில் பரப்புங்கள். குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும்.

14. முதலில் தேய்ப்பு, பிறகு நிரப்பு. கொஞ்சம் பசையைக் குச்சியால் மரத்தில் அழுத்தித் தேயுங்கள். குழிகளுக்குள் காற்று இல்லாமல் இறங்க வேண்டும். அதன் மேல் மீதியை நடுவில் மேடாக வையுங்கள். உலோகம் இறங்கும்போது பசை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி, காற்றையும் தள்ளிக்கொண்டு போகும். ஓரத்தில் வைத்தால் நடுவில் காற்று சிறைப்படும்.

15. இறுக்காதீர்கள்! இருபதில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஆக்‌ஷனை நேராக இறக்கி, சொந்த எடையில் உட்கார விடுங்கள். சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, ஆடாத அளவுக்கு மட்டும் சுற்றுங்கள். திருகு வழி காட்ட மட்டும்தான், இறுக்க அல்ல. “அம்மா, இன்னும் ஒரு சுத்து முடுக்கட்டுமா?” என்று மகள் ஸ்குருடிரைவரோடு நின்றாள். முடுக்கினால் உலோகம் வளையும். வளைந்த நிலையிலேயே பசை இறுகும். எந்த இறுக்கத்தைப் போக்க இத்தனை பாடுபட்டோமோ அதுவே நிரந்தர அச்சாகிவிடும். ஸ்குருடிரைவரைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன்.

16. வழிவதைத் துடையுங்கள். இரண்டு அரிசிப் பைகள் மேல் ரைஃபிளை மட்டமாக வைத்து, பிதுங்கி வரும் பசையை வினிகரில் நனைத்த பட்ஸால் துடையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அவ்வப்போது பாருங்கள், இன்னும் கொஞ்சம் பிதுங்கும். இறுகிய பிறகு உளிதான் வேண்டியிருக்கும்.

17. கைக்கும் மூக்குக்கும் பாதுகாப்பு. இறுகாத எபாக்ஸி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும். கையில் பட்டால் தின்னர் போடாதீர்கள், அது பசையைத் தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். மிஞ்சிய கலவையைக் குப்பைத் தொட்டியில் குவியலாகப் போடாமல், தாளில் பரப்பி இறுகிய பின் போடுங்கள்.

எடுத்த பிறகு

18. தட்டைக் கேளுங்கள், ரைஃபிளைத் தொடாதீர்கள். தட்டில் மிஞ்சிய பசையில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் பொறுங்கள். மார்ச் மாதத்தில் 24 மணி நேரம் விடுவது நல்லது, முழு வலு வர ஒரு வாரமாகும். பிறகு திருகுகளைக் கழற்றி, ஆக்‌ஷனை நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் விளிம்பு உடையும். அச்சு கண்ணாடி மாதிரி மின்னும், உலோகத்தில் உள்ள கீறல்கூட அதில் தெரியும். பயத்தம்பருப்பு அளவு குமிழ்க் குழிகள் பரவாயில்லை, பெரிதாக இருந்தால் கொஞ்சம் பசை வைத்து மீண்டும் பதியுங்கள். பிளாஸ்டிசினைச் சுத்தமாக எடுத்துவிட்டு, பசை படாத மரத்துக்கு மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் மழைக்காலத்தில் ஈரம் குடிக்காது.

19. மறுபடி விரல் சோதனை. இரண்டாவது குறிப்பில் சொன்னதையே திரும்பச் செய்யுங்கள். திருகு தளரும்போது உலோகம் அசையக் கூடாது. டயல் கேஜ் வைத்திருப்பவர்கள் 0.05 மில்லிமீட்டருக்குள் அசைவு இருந்தால் திருப்திப்படுவார்கள். குழல் அசையாத வகை ரைஃபிளில் குழல் மரத்தைத் தொடவும் கூடாது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். திருகைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்கி, திருகுத் தலையிலும் கட்டையிலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் திருகு தளர்ந்துவிட்டது என்று பார்த்ததுமே தெரியும். ஜூன் மாதம் ரைஃபிளைக் காரில் பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். ஹேர் டிரையர் செய்த வேலையை டெல்லி வெயிலில் நிற்கும் காரும் செய்யும்.

20. மிச்சப் பசையும் ஒரு சீட்டும். மிஞ்சிய அரால்டைட் வீட்டுக்கு உதவும், தத்துவம் ஒன்றுதான். கதவுக் கீலின் திருகு ஓட்டை பெரிதாகி ஆடுகிறதா? ஓட்டையில் பசையை நிரப்பி, பாலிஷ் தடவிய திருகை மெதுவாகச் செருகி மறுநாள் வரை விடுங்கள். மரை அப்படியே பதிந்து, திருகு கழற்றி மாட்டவும் வரும். குளியலறைச் சுவரில் தளர்ந்த அலமாரித் திருகுக்கும் இதே வைத்தியம். சூடு படும் குக்கர் கைப்பிடிக்கு மட்டும் வேண்டாம், இளகிவிடும்.

கடைசியாக, கட்டையின் உள்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, செய்த தேதி, பசையின் பெயர், கலந்த விகிதம், திருகின் முடுக்கு அளவு நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். அஷ்டபந்தனம் 12 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். கும்பாபிஷேகம் நடந்த நாளைக் கோயில் சுவரில் கல்லில் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டு ரைஃபிளுக்கு அந்த டேப்தான் கல்வெட்டு. மகள் அதில் நான்கையும் எழுதி, கீழே ஐந்தாவதாக ஒன்றைத் தானே சேர்த்திருக்கிறாள்: ‘பள்ளத்தை அடைத்தாயா?’